கதவு முதலில், ஸ்பீக்கர் பிறகு: கொட்டகலை வேகன் ஆர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வாகனமும் முறைப்பாடும்

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வாகனம், ஜப்பானில் சில வருடங்கள் ஓடிய பின்னர் இலங்கைக்கு வந்த ஒரு சுசுகி வேகன் ஆர் ஆகும். 660 சிசி எஞ்சினும் 3.4 மீற்றருக்கு மேற்படாத நீளமும் என்ற வரம்புக்குள் அமைந்த ஜப்பானியச் சிறு கார் வகையைச் சேர்ந்தது. உரிமையாளர் கொட்டகலையில் வசித்து, நுவரெலியாவிலுள்ள பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை. ஏ7 வீதியில் தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக ஏறுவதும் மாலையில் அதே வளைவுகளில் இறங்குவதுமே அந்தக் காரின் பிரதான வேலை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் கையிலிருக்கும் காரைப் பேணி, ஒவ்வொன்றாகச் சீர்செய்துகொண்டு ஓட்டுவது மலையகத்தில் பலருக்கும் பழகிவிட்டது. ஆசிரியையும் காரை மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, அதன் ஒலியையாவது சரிசெய்யலாம் என்ற முடிவுடன், கார் ஒலி வேலை செய்யும் என்னிடம் வந்திருந்தார்.

அவருடைய முறைப்பாடு ஒரே வரியில் அமைந்தது: "தம்பி, பாட்டுக் கேக்குது, அடி கேக்கமாட்டேங்குது." தோட்டத்துத் திருவிழாவில் பதிவுசெய்த தப்பிசை ஒன்றை அவர் பென்டிரைவில் வைத்திருந்தார். அதை ஓடவிட்டபோது தோலின் மேல் விழும் குச்சியின் 'சடக்' என்ற விளிம்பு மட்டும் கேட்டதே தவிர, அதன் பின்னால் வர வேண்டிய கனம் வரவில்லை. சத்தத்தைக் கூட்டினால் கதவின் உட்பலகை அதிர்ந்தது. பாடகரின் குரல் பிளந்தது. செலவிடக்கூடிய தொகை 35,000 ரூபா. அந்தத் தொகையில் பெரும்பகுதிக்கு ஆசனத்தின் கீழ் வைக்கும், ஆம்ப் (ஒலியின் வலுவைப் பெருக்கும் சுற்று) உள்ள சப்வூஃபர் (அடி ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) ஒன்றை வாங்கிப் பூட்டுமாறு உறவினர் ஒருவர் அவருக்கு முன்பே ஆலோசனை கூறியிருந்தார்.

ஸ்பீக்கருக்குச் சம்பந்தமில்லாத குறைகள்

முறைப்பாட்டின் ஒரு பகுதியை முதலிலேயே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. தலவாக்கலையைத் தாண்டியதும் வானொலியில் இரைச்சல் வருகிறது, சத்தம் மங்கிவிடுகிறது என்றும் ஆசிரியை கூறியிருந்தார். ஜப்பானில் எஃப்எம் ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலேயே இருந்ததால், அங்கிருந்து வந்த பழைய செட்டுகளில் நம் நாட்டு நிலையங்களில் பெரும்பாலானவை அகப்படுவதில்லை. இந்தக் காரிலும் அந்தச் செட் கழற்றப்பட்டு, ஆண்ட்ராய்ட் செட் ஒன்று முன்னரே பூட்டப்பட்டிருந்தது. ஆனால் புதிய செட்டினாலும் மலையைத் துளைத்து அலையை வாங்கிவிட முடியாது. எஃப்எம் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. இடையே மலைமுகடு வந்தால் வலுவிழக்கும், பாறைச் சரிவில் பட்டுத் திரும்பிய அலை நேர் அலையுடன் மோதினால் ஒவ்வொரு வளைவிலும் கரகரக்கும். அலை வலுக்குறையும்போது இரைச்சலை மறைப்பதற்காக, கார் வானொலிகள் பல தாமாகவே ஸ்டீரியோவை மோனோவாக்கி, உச்ச ஒலிகளையும் குறைத்துக்கொள்கின்றன. எந்த ஸ்பீக்கரைப் பூட்டினாலும் அந்த மங்கல் மாறாது. ஆகவே எல்லாச் சோதனைகளும் பென்டிரைவில் உள்ள பதிவுகளைக் கொண்டே செய்யப்பட்டன.

அடுத்தது வாட் கணக்கு. செட்டின் பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிடப்பட்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அதை அப்படியே வர்க்கித்து, ஸ்பீக்கரின் தடையான 4 ஓமால் வகுத்தால் 51.8 வாட் வரும். அதாவது, இசையின் வளைவுகள் யாவும் மழிக்கப்பட்டுச் சதுரமாகிப்போன நிலையில் மட்டுமே அந்த 50 வாட் கிடைக்கும். சீரான சைன் அலைக்கு அதில் பாதியான 25.9 வாட்டே கொள்கையளவிலான உச்சம். செட்டினுள் ஆம்பாக வேலைசெய்யும் மின்னணுச் சில்லின் (சிப்) இழப்பையும் கழித்தால், பிளவின்றிக் கேட்கத்தக்கது 20 வாட்டை ஒட்டியே நிற்கும். 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த சிஇஏ-2006 என்ற அளவுகோல், 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், திரிபு 1 சதவீதத்தைத் தாண்டாத நிலையில் ஆம்பின் வலுவைக் குறிப்பிட வேண்டும் என்று வகுத்ததற்கு இத்தகைய பெட்டி எழுத்துகளே காரணம். ஆசிரியையின் வரவுசெலவுக்குள் இந்த 20 வாட்டே நமக்குக் கிடைத்த மூலதனம் என்று கொண்டு, அதை வீணாக்காமல் பயன்படுத்துவதை நோக்கமாக வைத்தேன்.

கதவைத் திறந்தபோது

ஸ்பீக்கர்கள் முன்கதவுகள் இரண்டில் மட்டுமே இருந்தன. உட்பலகையைக் கழற்றியபோது முறைப்பாட்டின் காரணம் கண்ணெதிரே தெரிந்தது. கதவின் உட்தகட்டை முழுவதும் மூடியிருக்க வேண்டிய நீர்த்தடைத் தாள், இடப்பக்கக் கதவில் பாதிக்கு மேல் கிழித்து எறியப்பட்டிருந்தது. முன்பு எப்போதோ செட் மாற்றியவர் வயரை இழுப்பதற்காக அப்படிச் செய்திருக்கலாம். வலப்பக்கத் தாள் இருந்தது, ஆனால் அதன் பசை காய்ந்து விளிம்புகள் கழன்று தொங்கின. இடப்பக்க ஸ்பீக்கரின் காகிதக் கோனில் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பில்) நீர் வழிந்த கறையும் காந்தத்தின் உலோகத்தில் துருவும் காணப்பட்டன. இரண்டு விரல்களால் கோனை மெதுவாக அழுத்தியபோது அதை அசைக்கும் கம்பிச்சுருளான வொய்ஸ் கொயில் உரசும் சத்தம் கேட்டது. மல்டிமீற்றரில் இரண்டும் மூன்றரை ஓமை ஒட்டியே காட்டின. 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றின் நேர்மின் தடை அவ்வாறு சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால் அதில் குறையில்லை. 1.5 வோல்ட் பெட்டரியை ஒரு நொடி தொட்டு, இரண்டு கோன்களும் ஒரே திசையில் வெளியே தள்ளுகின்றனவா என்றும் பார்க்கப்பட்டது. ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால் அடி ஒலி காணாமற்போவதற்கு அதுவே போதும். இக்காரில் இரண்டும் சரியாகவே இருந்தன.

மழைநீர் கதவுக்குள் வருவது இயல்பானது என்பதைப் பலர் அறிவதில்லை. ஜன்னல் கண்ணாடியின் அடிவிளிம்பு ரப்பரைத் தாண்டி இறங்கும் நீர், வெளித்தகட்டின் உட்புறமாக வழிந்து, கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்கள் வழியாக வெளியேற வேண்டும். உட்தகட்டின் மேலுள்ள தாள் அந்த நீர் காரின் உட்புறத்துக்கு வராமல் காக்கிறது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், வட்டவளையைச் சூழ்ந்த பகுதிகளில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அந்தச் சரிவுக்கு அண்மையில் நிற்கும் காரொன்றில் தாளைக் கிழித்து எறிவது எத்தகைய வேலை என்பதை வயரிங் செய்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாளுக்கு ஒலியிலும் பங்குண்டு. ஸ்பீக்கரின் கோன் முன்னே தள்ளும்போது முன்னால் காற்று அழுத்தமும் பின்னால் காற்றுத் தளர்வும் உண்டாகின்றன. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீற்றர், அவ்வளவு நீண்ட அலைக்குக் கதவின் உட்தகட்டிலுள்ள கையளவுத் துவாரங்கள் திறந்த வாசல்கள் போன்றவை, அது அவற்றின் வழியே சுற்றிவந்து முன்னலையுடன் கலந்து மறைந்துவிடுகிறது. 3,000 ஹேர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் 11 சென்ரிமீற்றரே. அது நேராகக் காதுக்கு வந்து சேர்ந்துவிடும். பாட்டுக் கேட்டும் அடி கேட்காமற்போனதன் காரணம் இதுதான். ஸ்பீக்கருக்குக் கதவே பெட்டி. அந்தப் பெட்டி அடைபடாமல் இருக்கும்வரை, எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரை வாங்கிப் பூட்டினாலும் அது ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீராகவே போகும்.

சப்வூஃபர் ஏன் தவிர்க்கப்பட்டது

உறவினரின் ஆலோசனையில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஆசனத்துக்குக் கீழான சப்வூஃபர்கள் பல கார்களில் நன்றாகவே பயன்படுகின்றன. ஆனால் 'எனே-சார்ஜ்' அமைப்புள்ள இந்த வேகன் ஆரில், முன் பயணியின் ஆசனத்துக்குக் கீழே லித்தியம்-அயன் பெட்டரி வைக்கப்பட்டுள்ளது. வேகம் குறையும்போது கிடைக்கும் மின்னைச் சேமித்துக் காரின் மின்கருவிகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. அங்கு இன்னொரு பெட்டியைத் திணிப்பதற்கோ, அதன் அருகே திருகாணிக்குத் துளையிடுவதற்கோ நான் உடன்படவில்லை. இடத்தை ஒருபுறம் வைத்தாலும், தப்பின் கனம் பெரும்பகுதி 80 ஹேர்ட்ஸுக்கு மேலேயே இருக்கிறது. அது கதவு ஸ்பீக்கர் செய்ய வேண்டிய வேலை. கதவு அதைச் செய்யாத நிலையில் சப்வூஃபரைச் சேர்த்தால், கீழே ஓர் உறுமலும் மேலே ஒரு கிறீச்சொலியும் கிடைக்கும், நடுவே பள்ளம் விழுந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நம் வீதிகளில் வளைவுக்கு முன் ஹோர்ன் அடித்து அறிவிப்பதை நம்பியே பஸ்களும் லொறிகளும் ஓடுகின்றன. மூடுபனியில் கண் உதவாதபோது காதுதான் உதவும். மூடிய கண்ணாடிகளுக்குள் எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்னை விழுங்கும் அளவுக்கு ஒலி தேவையில்லை என்பது என் நிலைப்பாடு. ஆசிரியையும் அதை மறுக்கவில்லை.

ஸ்பீக்கரைத் தெரிவுசெய்தல்

கடைகளில் 'மேக்ஸ் 300 வாட்' போன்ற எண்களே பெரிதாக எழுதப்பட்டிருக்கும். 20 வாட் செட்டுக்கு அந்த எண் எந்தச் செய்தியையும் தருவதில்லை. பார்க்க வேண்டியது உணர்திறன், அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் தருகிறது என்ற எண். 3 டெசிபல் கூடினால் வலுவை இரட்டித்ததற்குச் சமம். 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபல் ஸ்பீக்கரைப் பூட்டுவது, 20 வாட் செட்டை 40 வாட் ஆக்குவதற்கு ஒப்பானது. இதிலும் ஓர் ஏமாற்று உண்டு. சில தயாரிப்பாளர்கள் 1 வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட்டுக்கு அளந்து எழுதுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு 2 வாட். ஆகவே அந்த எண்ணிலிருந்து 3ஐக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

தெரிவானது 16.5 சென்ரிமீற்றர் அளவுள்ள, நடுவில் ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) பொருத்தப்பட்ட கோஅக்சியல் சோடி ஒன்று. ட்வீட்டரைத் தனியே மேலே வைக்கும் கொம்போனன்ட் வகையில் குரல் கண்மட்டத்தில் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதன் விலையும், கண்ணாடித் தூணில் துளையிட வேண்டிய தேவையும் இந்த வரவுசெலவுக்கும், மறுவிற்பனைப் பெறுமதியைப் பார்க்கும் நம் வாகனச் சந்தைக்கும் ஒவ்வாதவை. கோன் பொலிப்புரொப்பிலீன், விளிம்பு ரப்பர். ஈரக்காற்றில் ஃபோம் விளிம்புகள் பொடியாகிவிடுகின்றன, காகிதக் கோன் நீரை உறிஞ்சுகிறது. மலையகத்துக்கு இந்தத் தெரிவில் யோசிக்க அதிகம் இல்லை. காந்தத்தின் ஆழத்தை மட்டும், கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு அளந்துகொள்வது அவசியம்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் கார்களிலிருந்து கழற்றிய நல்ல ஸ்பீக்கர்கள் மலிவாகக் கிடைப்பதுண்டு. கோனை அழுத்திப் பார்த்து, ஓம் அளந்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல வழி. பிரபல பெயர் பொறித்த புதிய போலிகளைவிட அவை எவ்வளவோ மேல். ஆசிரியைக்கு உத்தரவாதச் சீட்டு வேண்டியிருந்ததால் புதியதே வாங்கப்பட்டது. மொத்தத் தொகையில் பாதியை விடச் சற்றுக் கூடுதலாக அதற்குச் சென்றது.

கதவு வேலை

கதவு வேலையை ஓரளவு வெயில் ஏறிய பிறகே தொடங்க வேண்டும். குளிரில் உட்பலகையின் பிளாஸ்டிக் கிளிப்புகள் எளிதில் ஒடியும். அதிர்வை அடக்க ஒட்டும், அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) ஷீட்டும் குளிர்ந்த தகட்டில் சரியாகப் பிடிக்காது. தகடு ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைக்கப்பட்டு, தலைமுடி உலர்த்தியால் சூடேற்றப்பட்டது. அதன் பின்னரே ஷீட் ஒட்டி, சிறு உருளையால் அழுத்தப்பட்டது. வெளித்தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. தகட்டின் நடுப்பகுதி, ஸ்பீக்கருக்கு நேர் பின்புறம் ஆகியவற்றில் கால்பங்கு பரப்பை மூடினாலே தகரத்தின் அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். விரலால் தட்டிப் பார்த்து, 'டங்' என்பது 'டொக்' ஆக மாறும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கூரைக்கு ஒட்டும் தார் ஷீட்டைப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கொட்டகலைக் குளிரில் அது தாங்கக்கூடும். விடுமுறையில் கொழும்பு வெயிலில் கார் நிற்கும்போது இளகி வழியும், மணமும் போகாது.

உட்தகட்டின் பெரிய துவாரங்களை ஷீட்டால் மட்டும் மூடினால் அது காலப்போக்கில் உள்வாங்கும். அதனால் மெல்லிய அலுமினியத் தகட்டை அளவுக்கு வெட்டி, விளிம்பில் பியூட்டைல் கயிறு வைத்து, திருகாணியால் இறுக்கினோம். கண்ணாடி மோட்டர் பழுதானால் திருகாணியைக் கழற்றிக் கையை விட முடியும். அடித்துவாரங்களின் பக்கம் எதுவும் ஒட்டப்படவில்லை. அங்கே கிடந்த சேறு கம்பியால் குத்தி எடுக்கப்பட்டது. ஸ்பீக்கருக்கான வளையம் பிளாஸ்டிக்கில் வாங்கப்பட்டது. கடைகளில் மலிவாக வெட்டிக்கொடுக்கும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வளையம், ஈரம் பட்டால் ஒரே மழைக்காலத்தில் ஊதிவிடும்.

இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் முடிக்காமல் இடையில் ஓர் ஒப்பீடு செய்யப்பட்டது. வலப்பக்கக் கதவு முழுமையாக அடைக்கப்பட்டு, அதில் பழைய ஸ்பீக்கரே மீண்டும் பூட்டப்பட்டது. இடப்பக்கக் கதவு கிழிந்த நிலையிலேயே விடப்பட்டு, அதில் புதிய ஸ்பீக்கர் பூட்டப்பட்டது. ஆசிரியையும் அவருடைய மகனும் எந்தப் பக்கத்தில் எது என்று அறியாமல் பின் ஆசனத்தின் நடுவில் மாறிமாறி அமர்ந்து கேட்க, பேலன்ஸ் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டது. தப்பிசைக்கு இருவரும் காட்டியது வலப்பக்கத்தை, அதாவது பழைய ஸ்பீக்கரை. பாடகியின் குரலுக்கும் தாளச் சிலிர்ப்புக்கும் இருவரும் இடப்பக்கத்தைக் காட்டினர். புதிய ஸ்பீக்கர் தெளிவைத் தருகிறது, அடைத்த கதவு கனத்தைத் தருகிறது என்பது அங்கேயே பிரிந்து தெரிந்தது. ஆசிரியை கேட்ட 'அடி'யைக் கொடுத்தது, செலவில் மிகச் சிறிய பங்கே எடுத்த வேலை. இடப்பக்கப் பழைய ஸ்பீக்கர் உரசாமல் இருந்திருந்தால், ஸ்பீக்கரை வாங்கவே வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

வயரும் செட் அமைப்பும்

தடித்த வயர் போட வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போகவும் வரவுமாக 8 மீற்றர் ஓடினால் தடை 0.19 ஓம், 4 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு ஏறத்தாழ 0.4 டெசிபல் மட்டுமே, காதுக்கும் தெரியாது. ஆகவே தொழிற்சாலை வயரே வைக்கப்பட்டு, அதன் பிளக்கை வெட்டாமல் மாற்றுப் பிளக் ஒன்று இடையில் இணைக்கப்பட்டது. இத்தகைய செட்டுகளில் ஸ்பீக்கரின் கழித்தல் வயரும் மின் ஓடும் வயரே என்பதால், அதைக் காரின் உடலுடன் இணைத்தால் செட்டின் சில்லு எரிந்துபோகும்; வீட்டு ஆம்ப்பில் பழகியவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

செட்டில் ஏற்கெனவே 'பேஸ் பூஸ்ட்' உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஓர் ஒலியை 6 டெசிபல் உயர்த்துவது அதற்கு நான்கு மடங்கு வலு கேட்பதாகும். 20 வாட்டில் அந்த இடம் இல்லை. குரல் பிளந்ததில் பெரும்பங்கு இதனுடையதே. பூஸ்டும் லவுட்னஸும் அணைக்கப்பட்டு, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழானவை ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டப்பட்டன. அடி கேட்கவில்லை என்று வந்தவருக்கு அடியை வெட்டுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் கதவு ஸ்பீக்கரால் தர முடியாத ஆழத்துக்குச் செலவாகும் அசைவை மீட்டு, தரக்கூடிய பகுதிக்குக் கொடுப்பதே இதன் பயன். ஓட்டுநரின் காதுக்கு வலப்பக்க ஸ்பீக்கர் இடப்பக்கத்ததைவிட ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் அருகில் இருந்தது. ஒலி ஒரு மில்லிசெக்கனில் 34 சென்ரிமீற்றர் செல்வதால், இரண்டும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி வலப்பக்கத்துக்கு 1.3 மில்லிசெக்கன் தாமதம் கொடுக்கப்பட்டது. பாடகியின் குரல் மடியருகிலிருந்து எழுந்து டேஷ்போர்டின் நடுவுக்கு வந்தது.

விளைவும் மீதியும்

நின்ற காரில் மாற்றம் பெரிது. நானுஓயா ஏற்றத்தில் எஞ்சின் உயர் சுழற்சியில் முனகும்போதும், தகரக் கூரையில் மழை அடிக்கும்போதும் அதில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. கீழ் ஒலிகளை வீதி இரைச்சலே முதலில் விழுங்கும் என்பதால் அதை எதிர்பார்த்தோம். கார்ப்பட் வீதியில் சமவேகத்தில் செல்லும்போது தப்பின் கனமும் குரலின் தெளிவும் இரண்டுமே நிற்கின்றன. ஆம்ப் ஒன்றைச் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 50 வாட் கொடுத்தாலும் கூடப்போவது 4 டெசிபல் மட்டுமே என்று விளக்கியபோது, ஆசிரியை அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு இரண்டு உட்பலகைகளும் மீண்டும் கழற்றிப் பார்க்கப்பட்டன. ஸ்பீக்கர்கள் உலர்ந்தே இருந்தன. வலப்பக்கத்தில் ஷீட்டின் ஒரு மூலை எழும்பியிருந்தது, அது சூடேற்றி அழுத்தப்பட்டது. இடப்பக்கக் கதவின் அடித்துவாரம் ஒன்றில் மீண்டும் சேறும் இலைத்துகளும் சேர்ந்திருந்தன. அவ்வளவு நீரும் குப்பையும் இறங்குவதற்குக் காரணம், அந்தப் பக்கத்துக் கண்ணாடியின் அடிவிளிம்பு ரப்பர் கட்டியாகி வெடித்திருந்தமையே. 35,000 ரூபாவில் எஞ்சியிருந்த சிறு தொகையில் அந்த ரப்பர் பட்டை வாங்கி மாற்றப்பட்டது. வலப்பக்கத்துப் பட்டை இன்னும் மென்மையாகவே இருந்ததால் அதைத் தொடவில்லை.